நாலாம் எண்ணுக்கு ஆபத்தில்லை

நூலகத்திலிருந்து வந்த கடிதத்தில் இருந்தது இரண்டே வரி. இந்த ஆண்டு தேர்தல் ஆய்வுத் துறைக்கு நான்கு புத்தகங்கள் வாங்கித் தரப்படும். எந்த நான்கு என்பதைத் துறையே தேர்ந்தெடுத்து டிசம்பர் இருபதுக்குள் தெரிவிக்கவும்.

வேறு எந்தத் துறையாக இருந்தாலும் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்திருக்கும். தலைவர் நாலு பெயரைக் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார். ஆனால் சியாயி நகரத்துக்கு வெளியே, அன்னாசித் தோட்டங்களைத் தாண்டி இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்தல் ஆய்வுத் துறையில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அந்த முப்பத்தொரு பேரும் தேர்தலைத் தவிர வேறெதையும் படித்தவர்கள் இல்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஊருக்கெல்லாம் தேர்தல் எப்படி நடத்தணும்னு பாடம் எடுக்கிறோம். நாமளே மூடின கதவுக்குள்ள உக்காந்து முடிவு பண்ணினா வெளியில சிரிக்க மாட்டாங்களா?" என்றார் துறைத்தலைவர் கான். "ஓட்டு வைப்போம். புத்தகங்கள்தான் வேட்பாளர். மாவட்ட மன்றத் தேர்தலுக்கு என்ன விதியோ, அதே விதி. ஆளுக்கு ஒரே ஓட்டு. அதிக ஓட்டு வாங்குற நாலு புத்தகம் ஜெயிச்சது."

கை தட்டினார்கள். தட்டாமல் உட்கார்ந்திருந்தவள் யாவ் ஹுய்ஜுன் ஒருத்திதான்.

ஹுய்ஜுன் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்து ஏழாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வருஷத்துக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. ஜனவரி கடைசிக்குள் ஆய்வேட்டை முடிக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அவள் எடுத்துக்கொண்ட பொருள், தேர்தலில் நின்று ஒரே ஓர் ஓட்டுக்கூட வாங்காதவர்கள். கிராமத் தலைவர் தேர்தல்களில் அப்படிப் பூஜ்யம் வாங்கிய நாற்பத்தேழு பேரைத் தேடிப் பிடித்துப் பேசியிருந்தாள். அதில் ஒருவர் கதவைத் திறந்ததும் நாயை ஏவிவிட்டார். இன்னொருவர் பேட்டி முழுக்க மனைவியை முறைத்துக்கொண்டே இருந்தார், ஏனென்றால் அந்த அம்மாளுக்கும் ஓட்டு இருந்தது.

இவ்வளவு இருந்தும் தைபேயிலிருந்து வரும் வெளித்தேர்வாளர் ஒற்றைக் காலில் நின்றார். குராமோச்சியின் புத்தகத்தில் ஒன்பதாம் அத்தியாயத்தைப் படிக்காமல் பூஜ்யத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது, அதைப் படிக்காத ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார். எஸ். குராமோச்சி என்ற ஜப்பானியர் முப்பது வருஷத்துக்கு முன்பு எழுதிய எண்ணூறு பக்கப் புத்தகம் அது. பதிப்பகம் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்கும் முகவரிடம் ஒரே ஒரு பிரதி இருந்தது, அவர் நூலகங்களுக்கு மட்டுமே விற்பார். அந்த நான்கில் ஒன்றாக அது வந்தால் ஹுய்ஜுனுக்குப் பட்டம் உண்டு. வராவிட்டால் ஏழு வருஷமும் தண்ணீரில் போட்ட கோலம்.

மொத்தம் ஏழு புத்தகங்கள் வேட்புமனு தாக்கல் செய்தன. அதில் ஒன்று கான் தலைவரே எழுதியது. தன் புத்தகத்தை முன்மொழியும்போது தான் அறையில் இருப்பது முறையல்ல என்று அவர் வெளியே போனார், சாத்திய கதவின் அடி இடுக்கில் அவருடைய செருப்பு நிழல் அசையாமல் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு சீட்டுக் குலுக்கி எண் கொடுத்தார்கள். கானின் புத்தகத்துக்கு ஆறு வந்தது. குராமோச்சிக்கு நாலு.

நாலு என்று சொன்னால் சாவு என்பதுபோலக் காதில் விழும் அந்த ஊரில் மருத்துவமனைகள்கூட நாலாம் மாடி என்று ஒன்று இருப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை. சீட்டைப் பிரித்துப் பார்த்த ஹுய்ஜுனின் முகம் தொங்கிப்போயிற்று. முதலில் வந்து தோளைத் தொட்டவர் விரிவுரையாளர் டெங். இளகிய மனசுக்காரர், எதற்கெடுத்தாலும் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொள்பவர். அவர் ஆதரித்த இரண்டாம் எண், மழை பெய்தால் வாக்குப்பதிவு குறையுமா என்று ஆராயும் புத்தகம்.

"எண்ணைப் பாத்து பயப்படாத ஹுய்ஜுன். உனக்கு அந்தப் புத்தகம் எவ்வளவு அவசியம்னு இங்க யாருக்குத் தெரியாது? எல்லாரும் உன் பக்கம்தான்."

"அப்ப உங்க ஓட்டு எனக்குத்தானே சார்?"

"ரகசிய வாக்கெடுப்பும்மா. அதை நான் சொல்லலாமா?" என்று டெங் இருபக்கமும் பார்த்துக்கொண்டார்.

பிரசாரம் பத்து நாள் நடந்தது. டெங் நூலகத்தின் தள்ளுவண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டி மழைச் சத்தத்தை ஓடவிட்டு மூன்று மாடியும் சுற்றினார். ஐந்தாம் எண் கோஷ்டி பச்சைச் சட்டை தைத்துக்கொண்டது. ஹுய்ஜுன் 'குராமோச்சி 4' என்று எழுதிய மேலாடையை மாட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கே மின்தூக்கி வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினாள். கையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கொடுத்தாள். நாலாவது நாள் பேராசிரியை வெங் அந்தப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண்களுக்கான இட ஒதுக்கீட்டைப் பற்றியே முப்பது வருஷம் எழுதியவர், விதி என்றால் உயிரை விடுபவர்.

"இது லஞ்சத்துல சேராதா?"

"கைக்குட்டைதான் மேடம்."

"ரெண்டு மடிப்பா, மூணு மடிப்பா?"

"ரெண்டு மடிப்பு மேடம்."

"அப்ப சரி, விலை வரம்புக்குள்ளதான் வருது," என்று மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தத் துறைக்கு ஹுய்ஜுன்மேல் உண்மையாகவே பாசம் இருந்தது. மதியம் வான்கோழிச் சோறு வாங்கப் போனால் முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். முள்ளங்கி இருந்தால் ராசி என்று யாரோ அவள் மேசையில் முழங்கை நீள முள்ளங்கி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். நூலகத்தில் புத்தகம் அடுக்கும் சுவாங் அக்கா, ஓட்டே இல்லாதவர், கோயிலுக்குப் போய் அவளுக்காக ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்.

பாசத்தோடு விட்டிருந்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். எடுக்காமல் இருக்க அவர்களால் முடியாது. எந்தப் புத்தகம் வரவேண்டும் என்ற கேள்விக்கு இருபத்தொரு பேர் நாலாம் எண் என்றார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய வரைபடத்தில் நாலாம் எண்ணின் பட்டை கூரையைத் தொட்டது, மற்றவையெல்லாம் அதன் காலடியில் கிடந்தன. ஹுய்ஜுன் பலகைக்கு முன்னால் நின்று மூன்று தடவை எண்ணிப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மற்ற எல்லோரும் அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டார்கள்.

மறுநாள் டெங் மாடிப்படி நடுவில் மண்டியிட்டுவிட்டார். கழுத்தில் 'ஆபத்து!' என்று சிவப்பில் எழுதிய அட்டை. தோற்கப்போகிற வேட்பாளர் கடைசி நாளில் அழுது ஓட்டுக் கேட்பது அந்த ஊரில் புதிதல்ல. டெங் அதைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆனாலும் அன்று அவர் அழுதது நிஜ அழுகை.

"ரெண்டாம் எண் சாகப்போகுது! காப்பாத்துங்க! நாலாம் எண்ணுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. அதுக்கு அஞ்சு ஓட்டு போதும், இருபத்தொண்ணு வெச்சிருக்காங்க. மிச்சம் பதினாறு ஓட்டு வீணாத்தானே போகுது? அந்தப் பதினாறுல எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க!"

"எழுந்திரிங்க சார், பேன்ட் அழுக்காகுது," என்றாள் ஹுய்ஜுன்.

"நீ சொல்லும்மா. நான் சொல்றது கணக்குப்படி சரியா, தப்பா?"

ஹுய்ஜுன் யோசித்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். "கணக்குப்படி சரிதான் சார்," என்றாள்.

வாக்குப்பதிவு கருத்தரங்க அறையில் நடந்தது. மூலையில் திரை கட்டி, உள்ளே ஒரு மேசையும் முத்திரையும் சிவப்பு மையும் வைத்திருந்தார்கள். ஹுய்ஜுன் முப்பத்தொன்றாவது ஆளாகக் கடைசியில் போனாள். நாலாம் கட்டத்துக்கு மேலே முத்திரையைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது. இருபத்தொன்று. தேவை ஐந்து. தன் ஒரு ஓட்டால் யாருக்கு என்ன லாபம்? முதலாண்டு மாணவர்களுக்கு அவளே எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள், ஓட்டை வீணாக்குகிறவன் அரசியல் தெரியாதவன் என்று. டெங்கின் முழங்காலில் ஒட்டியிருந்த தூசி கண் முன்னால் வந்தது. பாவமாக இருந்தது. கையைக் கொஞ்சம் நகர்த்தி, இரண்டாம் கட்டத்தின் ஓரத்தில் சாய்வாக ஒரு குத்துக் குத்திவிட்டு வெளியே வந்தாள். பெரிய மனசோடு நடந்துகொண்டதாக அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

எண்ணும் வேலை சுவாங் அக்காவுக்கு. ஓட்டு இல்லாதவர் என்பதால் அவரைவிட நடுநிலையான ஆள் அங்கே கிடையாது. ஒவ்வொரு சீட்டாக எடுத்து, பிரித்து, தலைக்கு மேல் தூக்கி எல்லோருக்கும் காட்டி, உரக்கச் சொன்னார். சுவரில் ஒட்டிய தாளில் ஒருவர் கோடு போட்டார், ஐந்து ஓட்டுக்கு ஐந்து கோடு சேர்ந்து ஓர் எழுத்தாகும்.

"ரெண்டாம் எண், ஒரு ஓட்டு!"

"அஞ்சாம் எண், ஒரு ஓட்டு!"

"ஆறாம் எண், ஒரு ஓட்டு!"

பத்துச் சீட்டு ஆயிற்று. நாலாம் எண்ணின் கீழே தாள் வெள்ளையாக இருந்தது. எல்லாம் அடியில் கிடக்கும் என்று ஹுய்ஜுன் நினைத்தாள். இருபது ஆயிற்று. அப்போதும் வெள்ளை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் சுவரையே பார்த்தார்கள். இருபத்தொன்பதாவது சீட்டைச் சுவாங் அக்கா தூக்கிப் பிடித்தபோது, கட்டத்தின் ஓரத்தில் சாய்வாகக் குத்திய முத்திரை ஹுய்ஜுனுக்குத் தெரிந்தது.

"ரெண்டாம் எண்..." சுவாங் அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு ஓட்டு."

அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்தது. நாற்பத்தேழு பேர் வீட்டு வாசலில் போய் நின்று, 'பூஜ்யம் என்று தெரிந்ததும் உங்களுக்கு எப்படி இருந்தது?' என்று குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். நாயை ஏவிவிட்டவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

இரண்டாம் எண் ஒன்பது. ஐந்தாம் எண் ஏழு. ஒன்றாம் எண் ஆறு. ஆறாம் எண் ஐந்து. இந்த நாலும் வெற்றி. மூன்றாம் எண்ணுக்கு மூன்று, ஏழாம் எண்ணுக்கு ஒன்று. நாலாம் எண்ணுக்கு ஒன்றுமில்லை.

"நான் மத்தவங்க போடுவாங்கன்னு நினைச்சேன்," என்றார் ஒருவர்.

"நானும்தான்."

"இருபத்தொரு பேர் இருக்காங்களேன்னு..."

டெங் தேம்பித் தேம்பி அழுதார். ஜெயித்துவிட்டு அப்படி அழுத வேட்பாளரை அந்த மாவட்டம் கண்டதில்லை. முப்பது பேரும் ஹுய்ஜுனைச் சுற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். அவளும் அவர்களிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். அவள் எதற்குக் கேட்கிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

"ஒரு நிமிஷம்," என்றார் பேராசிரியை வெங். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மாவட்ட மன்ற விதின்னுதானே சொன்னீங்க தலைவரே? நாலு இடம் இருந்தா அதுல ஒண்ணு பெண்ணுக்கு. ஜெயிச்ச நாலும் ஆம்பளைங்க எழுதினது. தோத்ததுல பெண் எழுதினது நாலாம் எண் மட்டும்தான். அதனால நாலாம் எண் உள்ள வருது. கடைசியா வந்த ஆறாம் எண் வெளிய போகுது."

கான் தலைவரின் காது சிவந்தது. "பூஜ்யம் ஓட்டு வாங்கினதா?"

"எத்தனை ஓட்டுன்னு விதியில இல்ல."

"அது மனுஷங்களுக்கு வெச்ச விதி வெங். இது புத்தகம்!"

"வேட்பாளர்னு அறிக்கையில எழுதி முத்திரை குத்தினது யாரு? நானா?"

கான் தண்ணீர் குடித்தார். "சரி. எஸ். குராமோச்சின்னுதானே அட்டையில இருக்கு. அவங்க பெண்ணுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாநாட்டுல பாத்திருக்கேன். கழிவறை வரிசையில எனக்கு முன்னால நின்னாங்க."

"வரிசையில நின்னதெல்லாம் அத்தாட்சி ஆகுமா? எழுத்துல வேணும். இருபதாம் தேதிக்குள்ள வரணும். இல்லன்னா ஆறாம் எண் ஆறாம் எண்தான்."

இருபதாம் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. ஏழு வருஷமாக ஹுய்ஜுன் தன் மனத்தில் குராமோச்சியை ஒல்லியான, சிடுசிடுத்த ஓர் ஆளாகவே வைத்திருந்தாள். உயிரோடு இருக்கிறாரா என்று தேடிப் பார்க்க ஒரு நாளும் தோன்றியதில்லை. இப்போது தேடினாள். ஐந்தே நிமிடத்தில் கனசாவாவில் ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. எழுதினாள்: ஏழு வருஷமாக எழுதிவரும் என் ஆய்வேட்டுக்குத் தங்கள் புத்தகம் தேவை, அது எங்கள் தேர்தலில் வெற்றி பெறும் நிலையில் உள்ளது, அதற்காகத் தாங்கள் பெண்தான் என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்த வேண்டும், இந்தக் கேள்விக்காக மிகவும் வருந்துகிறேன்.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது.

'அன்புள்ள யாவ் அவர்களுக்கு. ஆம், எழுபத்தாறு வருஷமாகப் பெண்தான். என் பெயர் செட்சுகோ. பெண் பெயரைப் போட்டால் தேர்தல் புத்தகத்தை யாரும் வாங்க மாட்டார்கள் என்று பதிப்பாளர் முதலெழுத்தை மட்டும் போட்டார். அப்படியும் யாரும் வாங்கவில்லை. நாற்பது பிரதி என் துணி அலமாரியில் கிடக்கிறது, அதனால் என் குளிர்காலக் கோட்டுக்கு இடமில்லை. நீங்கள் ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் ஏழு வருஷத்துக்கு முன்பே அனுப்பியிருப்பேன். இரண்டு பிரதி இன்று விரைவுத் தபாலில் வருகிறது. இதுவரை நான் எதிலும் ஜெயித்ததில்லை. எத்தனை ஓட்டு வாங்கினேன் என்று தெரிந்துகொள்ள ஆசை.'

ஹுய்ஜுன் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்று என்று அடித்தாள். கருத்துக்கணிப்பில் அது உண்மைதானே. அழித்தாள். ஐந்து என்று அடித்தாள், அதையும் அழித்தாள். பொய் சொல்ல வெட்கமாக இருந்தது, உண்மையைச் சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தேர்வாளரின் நிபந்தனை, பூஜ்யம், பட்டை கூரையைத் தொட்டது, டெங்கின் முழங்கால், பெண்கள் ஒதுக்கீடு. 'இருபத்தொன்பதாவது சீட்டு என்னுடையது. அதுவும் உங்களுக்கு விழவில்லை' என்று எழுதி, மனசு மாறுவதற்குள் அனுப்பினாள்.

பதில் பத்து நிமிடத்தில் வந்தது.

'சிரித்துச் சிரித்துப் பூனையை மடியிலிருந்து தள்ளிவிட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் நான் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? ஒருவருக்கும் வேண்டாதவனுக்குத்தான் பூஜ்யம் விழும் என்று நூற்றிருபது பக்கம் நிரூபித்திருக்கிறேன். எல்லோருக்கும் வேண்டியவருக்கும் விழும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் தேர்வாளருக்கும் தெரிந்திருக்காது. என் அத்தியாயம் தப்பு. முப்பத்தொரு சாட்சிகள் உங்கள் கையில் இருக்கிறார்கள். உட்கார்ந்து எழுதுங்கள்.'

எழுதினாள். நாற்பத்தெட்டாவது ஆளாக ஒரு புத்தகம் அவளுடைய ஆய்வேட்டில் சேர்ந்தது. நாலு வாரம் துறையில் ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்து, நாலாம் எண்ணை வேண்டும் என்று சொல்லிவிட்டு ஏன் போடவில்லை என்று கேட்டாள். டெங்கின் பேட்டியில் பாதி அழுகைதான் பதிவாகியிருந்தது. இதற்கிடையில் குராமோச்சியின் பிரதிகள் வந்துவிட்டதால் நாலாம் எண் பதவி விலகியதாகவே கொள்ளவேண்டும் என்று கான் தலைவர் வாதாடி, நூலகத்திடம் தவணை கேட்டு, காலி இடத்துக்கு இடைத்தேர்தல் வாங்கிவிட்டார். கருத்துக்கணிப்பில் அவருடைய ஆறாம் எண் மிகவும் பாதுகாப்பாக இருந்தது. ஏழாம் எண் ஜெயித்தது.

ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி வாய்மொழித் தேர்வு. முப்பது பேரும் சுவரோரம் நின்றார்கள். வெளித்தேர்வாளர் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எச்சில் தொட்டுப் புரட்டினார், சிரிக்கவில்லை.

"குராமோச்சி தப்புன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். அவங்களே ஒத்துக்கிட்டாங்க. கடிதம் பின்னிணைப்புல இருக்கு."

"பாத்தேன்." அவர் விரலை ஓர் அட்டவணையில் வைத்தார். "வாக்காளர் முப்பத்தொண்ணு. பேட்டி முப்பதுதான் இருக்கு. ஒருத்தரைக் காணோமே. அவர் பேச மாட்டேன்னுட்டாரா?"

பூஜ்யம் என்றால் அவளும் போடவில்லை என்ற கணக்கு அதுவரை சுவரோரம் நின்றவர்களில் ஒருவருக்கும் உறைத்ததில்லை.

"அது நான்தான் சார்," என்றாள் ஹுய்ஜுன்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா? அந்தப் புத்தகம் இல்லாம உங்களுக்குப் பட்டமே இல்லைன்னு நான்தானே எழுதிக் குடுத்தேன். நீங்களே ஏன்மா போடல?"

ஹுய்ஜுன் சுவரோரம் பார்த்தாள். டெங் ஏற்கெனவே காகிதக் கைக்குட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார், அவள் கொடுத்ததுதான், இரண்டு மடிப்பு.

"நாலாம் எண்ணுக்கு ஆபத்தில்லைன்னு எல்லாரும் சொன்னாங்க சார். நானும் நம்பிட்டேன்."

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். பிறகு அந்த அட்டவணையில் முப்பது என்று இருந்ததை அடித்து, முப்பத்தொன்று என்று தன் கையால் எழுதி, அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார்.